கிண்ணத்தை அளந்த பேரரசி

பள்ளிவாசல்துறையில் யான் தமிழ் கற்பிக்கும் வகுப்பறையின் சாளரங்கள் காற்றுக்காலத்தில் திறந்திருப்பதில்லை. சோழகம் வீசத் தொடங்கிவிட்டால் மணலும் உப்பங்காற்றும் புத்தகங்களின் மேற் படியும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதொரு நாளிற் சாளரங்களை அடைத்துவிட்டுத் திருக்குறளிற் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொன்னேன். பத்துக் குறளும் முடிந்தபின், ஐயம் உண்டோ எனக் கேட்டேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். இப்பத்தும் குடிப்பவனுக்கு அல்லது குடிப்பவனைப் பற்றிச் சொல்லப்பட்டவை; ஒன்றில் ஈன்ற தாய் வருகிறாள்; நாணம் ஒரு நல்லாளாக வருகிறது; ஆனால் அவனோடு ஒரு கூரையின்கீழ் வாழும் மனைவி ஒன்றிலும் வரவில்லையே; அவளுக்குச் சொல்ல வள்ளுவரிடம் ஒன்றும் இல்லையா என்று அவள் கேட்டாள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வதிகாரத்தைக் கற்பித்துவரும் எனக்கு அவ்வினா தோன்றியதில்லை. எனினும் பண்டிதன் வாய் சும்மா இருக்குமா? கள்ளுண்ணாமை பொருட்பாலில் வைக்கப்பட்டது. பொருட்பால் பெரும்பாலும் அரசனையும் அவன் சுற்றத்தையும் நோக்கியது. ஆதலால் இல்லாளுக்கு அங்கு இடமில்லை என்று விடை கூறினேன். தேர்வுத்தாளுக்கு அது போதும். அவள் முகத்துக்கு அது போதவில்லை. அவ்வினா பாடத்தில் முளைத்ததன்று, வீட்டில் முளைத்தது என்பதை அவள் குரலே அறிவித்தது.

அன்றிரவு என் விடையையே திருப்பிப் பார்த்தேன். அரசனுக்குச் சொன்னது என்றால், குடியில் மூழ்கிய அரசன் ஒருவனுடன் வாழ்ந்த அரசி என் செய்தாள்? அப்போது நினைவுக்கு வந்தவள் மொகலாயப் பேரரசி நூர்ஜஹான். அவளுடைய அழகையும் அதிகாரத்தையும் பற்றி எழுதினோர் பலர். யான் இங்கு எழுதப் புகுவது, குடிகாரன் ஒருவனுடைய மனைவியாக அவள் வாழ்ந்த பதினாறு ஆண்டுகளின் வரலாற்றை.

அவளுடைய இயற்பெயர் மிஹ்ருன்னிசா. 1577 ஆம் ஆண்டு கந்தகாரிற் பிறந்தாள். தந்தை மீர்சா கியாஸ் பேக். தாய் அஸ்மத் பேகம். பாரசீகத்தில் நிலைகுலைந்த அக்குடும்பம் பிழைப்பை நாடி இந்துஸ்தானத்தை நோக்கி வந்த வழியிலே அவள் பிறந்தாள். பிறந்த குழந்தையைப் பாலைவனத்திற் கைவிட்டுப் பின்னர் மீட்டார்கள் என்றொரு கதை வழங்குகின்றது. அது பிற்காலத்தார் புனைந்தது என்பர். கியாஸ் பேக் அக்பர் அவையில் பணி பெற்றுப் படிப்படியாக உயர்ந்து, பின்னாளில் இதிமாத்துத் தௌலா என்னும் பட்டம் எய்தினான். அஸ்மத் பேகமோ பன்னீர் காய்ச்சும்போது மேலே படர்ந்த நெய்ப்பை எடுத்து ரோஜா அத்தரைக் கண்டவள் என ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பிற் பாராட்டியிருக்கிறான். கல்வியும் கைத்திறனும் உள்ள பெற்றோர் வாய்த்தமை மிஹ்ருன்னிசாவின் முதற்பேறு. இதனை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இவ்விடத்துக்கு மீள்வோம்.

1594 இல், பதினேழாம் வயதில், அலி குலி என்னும் பாரசீக வீரனுக்கு அவள் மணம் செய்து கொடுக்கப்பட்டாள். ஷேர் ஆப்கன் என்னும் பட்டம் பெற்ற அவனுக்கு வங்காளத்துப் பர்துவானில் நிலமானியம் கிடைத்தது. லாட்லி என்றொரு பெண்குழந்தை பிறந்தது. 1607 இல் வங்காள ஆளுநன் குத்புத்தீன் கோகாவுடன் நேர்ந்த கைகலப்பில் ஷேர் ஆப்கன் ஆளுநனைக் கொன்று தானும் கொலையுண்டான். ஜஹாங்கீர் அவள்மீது கொண்ட காதலாலே இக்கொலையைச் செய்வித்தான் என்னும் கதைக்கு அக்காலத்தார் எழுத்திற் சான்றில்லை. முப்பது வயதில், கையிற் குழந்தையோடு ஆக்ராவுக்கு வந்த கைம்பெண், அக்பரின் தேவியருள் ஒருத்தியாகிய ருக்கையா பேகத்தின் பணியில் அமர்ந்தாள். நான்கு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1611 மே 25 இல் ஜஹாங்கீர் அவளை மணந்தான். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. அவளுக்கு முப்பத்துநான்கு ஆகச் சில நாள்கள் குறை.

அவள் கைப்பிடித்த மணமகன் எத்தகையவன்? ஓவியத்திலும் பறவைகளிலும் மலர்களிலும் நுண்ணிய இரசனை உடையவன். நினைத்ததை மறைக்காமல் எழுதுபவன். அதனோடு, தான் குடிகாரன் என்பதைத் தானே பதிவு செய்தவன். மன்னர் பிறரைப் பற்றி எழுதியது உண்டு; தம் கை நடுக்கத்தைப் பற்றி எழுதியவர் அரியர். இளவரசனாய் இருந்தபோது, அட்டோக்குப் பக்கத்தில் வேட்டையாடிக் களைத்த ஒரு நாள், ஒரு கிண்ணம் மது களைப்பைப் போக்கும் என்று பீரங்கி வீரன் ஒருவன் சொன்னான். மருத்துவர் ஒருவரின் வீட்டிலிருந்து சிறு குப்பியில் இனிய மஞ்சள் நிற மது வந்தது. இளவரசனுக்கு அப்போது பதினெட்டு வயது. களைப்பு நீங்கியது, பழக்கம் தொடங்கியது. நாளடைவில் திராட்சை மது அவனுக்கு ஏறாதாயிற்று. சாராயத்துக்கு மாறினான். ஒன்பது ஆண்டுகளில், இருமுறை வடித்த சாராயம் நாளொன்றுக்கு இருபது கிண்ணம் என்னும் அளவை எட்டினான்; பகலிற் பதினான்கு, எஞ்சியவை இரவில். உணவு சுருங்கியது. கை நடுங்கியதால் கிண்ணத்தைப் பிறர் பிடித்துப் புகட்டவேண்டிய நிலை வந்தது. ஹக்கீம் ஹுமாம் என்னும் மருத்துவர், இவ்வாறே போனால் ஆறு மாதத்தில் மருந்துக்கு எட்டாத நிலை வரும் என்று அஞ்சாது எச்சரித்தார். அச்சத்தால் அளவைக் குறைக்கத் தொடங்கி, ஏழாண்டு முயன்று ஆறு கிண்ணத்துக்கு வந்தான். அதனோடு அபினும் உண்டான்.

இது அவன் ஒருவனுக்கு மட்டும் வந்த கேடன்று. தம்பி முராது 1599 இல் தக்காணத்திற் குடியால் மாண்டான். மற்றொரு தம்பி தானியாலுக்கு மது கிடைக்காமற் காவல் வைத்தார்கள். அவன் தன் துப்பாக்கிக் குழலிலே சாராயத்தை மறைத்துக் கொணரச் செய்து, துருவும் மருந்துக்கரியும் கலந்த அதனைக் குடித்து 1605 இற் புர்ஹான்பூரில் இறந்தான். காவல் எவ்வளவு கடியதாயினும் குடிப்பவன் ஒரு வழி காண்பான் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. அதே 1605 இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர் பிறப்பித்த பன்னிரண்டு கட்டளைகளுள் ஒன்று, மது காய்ச்சுதலும் விற்றலும் கூடாது என்பது! விலக்கியவன் தான் குடிப்பதை அக்கட்டளையின் அருகிலேயே ஒப்புக்கொள்ளவும் செய்தான். 1616 இல் மகன் குர்ரம் இருபத்துநான்கு வயதளவும் மதுவைத் தொடாதிருந்தது கண்டு, விழா நாளில் தானே வற்புறுத்தி முதற்கிண்ணத்தைப் பருகுவித்தான். தன் குடியின் கதையை அவன் விரித்து எழுதியிருப்பது அந்நிகழ்ச்சியை ஒட்டியே. தீமையை அறிந்தும் மகனுக்கு ஊட்டிய அத்தந்தையைப் போன்றவர் கடற்கரைத் தவறணைகளிலும் உண்டு. அரண்மனைக்கு மட்டும் உரிய பேதைமை அன்று அது.

இத்தகையவனுடைய மனையில் நூர்ஜஹான் புகுந்தாள். முதலில் நூர்மஹால், 1616 முதல் நூர்ஜஹான் எனப் பட்டங்கள் கிடைத்தன. மணம் முடித்த அன்றே அவள் கிண்ணத்தைப் பறித்ததாக வரலாறு கூறவில்லை. பத்தாண்டுகள் அவள் செய்தது வேறு. கணவன் கைவிட்ட காரியங்களை ஒவ்வொன்றாகத் தன் கையில் எடுத்தாள். இங்கிலாந்து மன்னனின் தூதனாக 1615 முதல் 1619 வரை அவ்வவையில் இருந்த தாமஸ் ரோ, மாலை வேளைகளிற் பேரரசன் மதுவால் உறக்கத்தில் ஆழ, பேச்சு பாதியில் நின்றுபோவதைக் குறித்திருக்கிறான். முந்தின இரவு தானே குடிக்க ஆணையிட்டதை மறந்து, மறுநாள் குடித்தவர்களைத் தண்டித்த செய்தியும் அவன் குறிப்பில் உண்டு. அரசனின் நினைவே நம்பத்தகாததாயின், ஆணைகளை எவர் நினைவில் வைத்திருப்பது? நூர்ஜஹான் வைத்திருந்தாள். அரச ஓலைகளில் அவள் பெயரும் இடம் பெற்றது. ஜஹாங்கீரின் பெயரோடு அவள் பெயரும் பொறித்த நாணயங்கள் வெளிவந்தன. அவளுடைய வணிகம் கடல் கடந்து நடந்தது. பஞ்சாபில் வழிப்போக்கருக்குச் சத்திரம் எழுப்பினாள். சுமார் ஐந்நூறு அநாதைப் பெண்களுக்குச் சீர் கொடுத்து மணம் செய்வித்தாள் என்பர். 1617 இல் யானைமீதிருந்து ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை வீழ்த்தியதை ஜஹாங்கீரே பெருமிதத்தோடு எழுதியிருக்கிறான்.

இப்பணியில் அவள் தனியள் அல்லள். தந்தை இதிமாத்துத் தௌலா தலைமை அமைச்சன்; தமையன் ஆசப்கான் உயர்பதவியினன்; தாய் அஸ்மத் பேகம் அந்தப்புரத்தில் மகளுக்கு மதியுரை கூறுபவள். குர்ரமோ ஆசப்கானின் மகள் அர்ஜுமந்தை 1612 இல் மணந்து அக்குடும்பத்தோடு இணைந்தவன். குடிக்கின்றவன் ஒருவனைச் சுற்றித் தெளிந்த அறிவினர் நால்வர் நின்றனர். அவள் ஓர் இரவு கண்ணயர்ந்தாலும் அரசு கவிழ்ந்துவிடாது.

1621 இல் ஜஹாங்கீரின் உடல் தளர்ந்தது. மூச்சிரைப்பு வாட்டியது. மருத்துவர் பலர் முயன்றும் குணம் காணவில்லை. சிலர் பொறுப்பேற்க அஞ்சி விலகினர். நோவை மறக்க அவன் மேலும் குடித்தான். குடித்ததால் நோவு மேலும் கூடியது. அந்நிலையிலே தன்னை நூர்ஜஹானின் கையில் ஒப்படைத்ததாக அவனே எழுதுகிறான். அவளுடைய திறமையும் அநுபவமும் அம்மருத்துவர்களினுடையவற்றை விட மேலானவை என்பது அவன் கருத்து. அவள் செய்தவை இரண்டு: ஒவ்வாத உணவை விலக்கினாள்; மதுவின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள். ஒரேயடியாக நிறுத்தவில்லை. உடல் தேறியது. அவ்வாண்டு அவனுடைய பிறந்தநாளில், மன்னனைப் பொன்னுக்கு நிறுக்கும் விழாவை அவளே முன்னின்று நடத்தி மகிழ்ந்தாள்.

சிறிது சிறிதாக என்பதை யான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், உடல் நடுக்கம், வலிப்பு, புத்திமயக்கம் ஆகியவை தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்தவேண்டும் என்பது இன்றைய மருத்துவம் உறுதியாகக் கூறும் அறிவுரை. நானூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வுண்மையின் ஒரு பகுதியை ஒரு மனைவி தன் கண்பார்வையாற் கண்டுகொண்டாள். மற்றொன்றும் காண்க. அதே காலத்தில், தக்காணப் போருக்குச் சென்ற வழியில், சம்பல் ஆற்றங்கரையில் குர்ரம் மதுவை ஒரேயடியாகத் துறந்தான். அவன் அளவாகக் குடித்தவன், ஒருநாளில் விடமுடிந்தது. தந்தைக்கு அது இயலாது. ஒருவனுக்கு எளிதானது மற்றொருவனுக்கும் எளிது என்று கருதி, மனவுறுதி இல்லாதவன் என அவனை இகழ்வது அறிவன்று.

ஆனால் இக்கதை இங்கே மங்களமாக முடியவில்லை. 1621 அக்டோபரில் அஸ்மத் பேகம் இறந்தாள். மனைவியை இழந்த துயரால் 1622 ஜனவரியில் இதிமாத்துத் தௌலாவும் இறந்தான். ஆக்ராவில் யமுனைக் கரையில் தன் பெற்றோருக்கு வெண்பளிங்கால் நூர்ஜஹான் எழுப்பிய கல்லறை இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கின்றது. தாங்கி நின்ற இரு தூண்கள் சாய்ந்ததன் அடையாளமாகவே யான் அதனைக் கருதுவேன். மகள் லாட்லியை ஜஹாங்கீரின் இளைய மகன் ஷஹ்ரியாருக்கு 1621 இல் அவள் மணம் செய்வித்திருந்தாள். அதனால் குர்ரமின் மனத்தில் ஐயம் முளைத்தது. 1622 இற் கந்தகார் பாரசீகர் வசமாயிற்று. அதனை மீட்கச் செல்லவேண்டிய குர்ரம் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்தான். மருமகனின் பக்கம் மனஞ் சாய்ந்த ஆசப்கானும் உள்ளத்தால் விலகினான். நால்வர் நின்ற இடத்தில் அவள் ஒருத்தியே நின்றாள். ஜஹாங்கீரின் நலம் மறுபடியும் குன்றியது. மற்றொரு மகன் பர்வேஸ் 1626 இல் குடியாலேயே இறந்தான்.

அதே 1626 இல் தளபதி மஹாபத்கான் ஜீலம் ஆற்றங்கரையிற் பேரரசனைச் சிறைப்பிடித்தான். ஆற்றின் மறுகரைக்குத் தப்பிய நூர்ஜஹான் படையைத் திரட்டி, யானைமேல் ஏறி, கடும் அம்புமழையினூடே ஆற்றைக் கடக்க முயன்றாள். அம்பாரியில் உடனிருந்த பெண்ணொருத்தியின் கையில் அம்பு தைத்தது. முயற்சி பலிக்கவில்லை. தப்பியோட வழியிருந்தும் ஓடாது, தானே சென்று கணவனோடு சிறையிற் சேர்ந்தாள். பின்னர்ச் சில மாதங்கள் பொறுத்து, மஹாபத்கானின் ஐயத்தை உறங்கச் செய்து, சூழ்ச்சியாற் கணவனை மீட்டாள். வீரம் என்று இதனைப் புகழ்வோர் பலர். எனக்கு இதில் வேறொன்று தோன்றுகின்றது. நாற்பத்தொன்பது வயதுப் பெண், பதினைந்து ஆண்டுகளாக ஒருவனை ஏதோ ஒன்றினின்று மீட்டுக்கொண்டே இருந்தவள், இன்னுமொரு முறை மீட்டாள்.

மறு ஆண்டு காச்மீரத்திலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீரின் இறுதி வந்தது. நாற்பதாண்டுத் தோழனாகிய அபின்மீதும் வெறுப்புத் தோன்றியது. திராட்சை மது சில கிண்ணங்களே இறங்கின. கடைசியாக மது கேட்டான்; வாயில் வைத்தபோது விழுங்க இயலவில்லை. 1627 அக்டோபர் 28 இல் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தெட்டு. அரசுரிமைப் போரில் குர்ரம் வென்று ஷாஜஹான் ஆனான். ஷஹ்ரியார் கொல்லப்பட்டான். நூர்ஜஹான் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் உதவிப்பணத்தோடு லாஹூரில் ஒதுங்கினாள். விதவையான மகள் உடனிருந்தாள். அரசியலை மீண்டும் தொடவில்லை. வெண்ணிற ஆடையே உடுத்தாள் என்பர். பதினெட்டு ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து, 1645 டிசம்பரில், அறுபத்தெட்டாம் வயதில் மறைந்தாள். லாஹூரை அடுத்த ஷாதராவில் ஜஹாங்கீரின் கல்லறைக்குச் சற்றுத் தொலைவில் அவள் கல்லறை உளது. ஆங்கிலேயர் காலத்தில் இட்ட இருப்புப்பாதை இரண்டுக்கும் நடுவே செல்கின்றது.

வரலாற்றாசிரியர் பலர் நூர்ஜஹானைக் குறை கூறினர். கணவன் மயக்கத்திற் கிடக்க, அவள் ஆட்சியைக் கைப்பற்றினாள் என்றனர். அவள் அதிகாரத்தை விரும்பவில்லை என்று யானும் சொல்லேன். மருமகனை அரியணையேற்ற முயன்றது அவள் பிழையே. ஆயினும், அவன் குடித்தது அவளால் அன்று. அவள் கைப்பிடிக்க இருபது ஆண்டுகளுக்கும் முன்னரே அவன் குடித்தான். அவன் தேறியதற்குப் புகழ் அவளுக்கு எனின், அவன் மீண்டும் நலிந்ததற்குப் பழியும் அவளுக்கு என்பர் உலகத்தார். இரண்டும் முழு உண்மை அல்ல. 1621 இல் அவன் தேறியது, அவனும் விரும்பி ஒப்படைத்ததனால். மனைவி கிண்ணத்தை அளக்கலாம். அவனுக்காக விரும்ப அவளால் இயலாது.

இதனை எழுதும்போது என் தமக்கையாரை நினையாதிருக்க இயலவில்லை. வேறொரு கரையூரில் அவர் வாழ்க்கைப்பட்டார். அத்தான் நல்ல தொழிலாளி. வலை பொத்துவதில் அவருக்கு நிகர் அவ்வூரில் இல்லை. மாலையானால் தவறணை, அது மூடினாற் கசிப்பு. தமக்கையார் போத்தலில் நீர் கலந்து பார்த்தார், ஒளித்துப் பார்த்தார், அழுதும் உண்ணாதிருந்தும் பார்த்தார். அவரும் அளந்தவரே. யான் அப்பொழுதுதான் கீழைத்தேயக் கலாசாலையிற் கற்றுப் பண்டிதத் தேர்வில் தேறியிருந்தேன். என்னிடம் தம் துயரைச் சொன்னபோது, கண்ணகியின் பொறையை எடுத்துக் காட்டினேன். வழிதவறிய கணவன் மீண்டு வரும்வரை அவள் காத்திருந்த பெருமையை விரித்துரைத்தேன். தமக்கையார் பேசாது கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் என்னிடம் எதுவும் சொல்வதை விட்டுவிட்டார். அத்தான் நாற்பத்தைந்து வயதுக்குள் ஈரல் கெட்டு இறந்தார். நெடுநாள் கழித்து ஒருமுறை, கோபமில்லாமல், தமக்கையார் எனக்கு ஒன்று சொன்னார். அன்று யான் காப்பியம் சொன்னதற்குப் பதிலாக, ஓரிரவு வந்திருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், தாம் ஓரிரவாவது உறங்கியிருப்பார் என்றார். அச்சொல் என் நெஞ்சில் இன்றும் தைத்திருக்கின்றது.

பேரரசிக்கும் என் தமக்கையாருக்கும் இடையிலான வேறுபாடு செல்வமும் அதிகாரமும் மட்டும் அல்ல. ஒருத்தியைச் சுற்றித் தாயும் தந்தையும் தமையனும் நின்றனர். அவர்கள் நின்றவரையில் அவளால் அளக்க முடிந்தது. மற்றவரைச் சுற்றி எவரும் நிற்கவில்லை. நிற்கவேண்டிய யான் உபதேசம் செய்தேன்.

இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றிய பெண்மணிகள் அண்மைக்காலத்தில் இருந்திருக்கின்றனர். அமெரிக்காவிற் குடிநோயாளர் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் கழகம் 1935 இல் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவருடைய மனைவி லோயிஸ் வில்சன், குடிப்போரின் குடும்பத்தாருக்கும் தனித் துணை வேண்டும் எனக் கண்டு, 1951 இல் அல்-அனான் என்னும் அமைப்பைத் தோழியொருவருடன் நிறுவினார். கணவனின் குடிக்குத் தான் காரணமல்லள். அதனைத் தன்னால் அடக்கி ஆளவும் இயலாது. ஆனால் தன் வாழ்வைத் தான் சீர்செய்துகொள்ளலாம் என்பது அங்குப் பயிலும் நெறி. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், குடிநோயாற் கணவரை இளவயதில் இழந்தபின், 1980 இல் அவர் பெயரால் ஒரு நிலையத்தை நிறுவினார். அங்கு நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் ஆற்றுப்படுத்தல் உண்டு. குடி, கையோங்கும் கொடுமையாக மாறும் வீடுகளும் உள. அங்குப் பொறுமை அறமாகாது. நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெற வழியுண்டு. இதனைத் தெரிந்திருப்பது, கண்ணகியின் கதையைத் தெரிந்திருப்பதைப் போலவே, நம் மாணவியருக்கு வேண்டிய கல்வி.

இனி, பள்ளிவாசல்துறை வகுப்பறைக்கு மீள்வோம். அம்மாணவி எவர் மகள், எத்தெருவினள் என்பவற்றை இங்கு எழுதேன். மறுநாள் வகுப்பில் என் விடை தவறு என்று ஒப்புக்கொண்டேன். குடித்திருப்பவனிடம் நியாயம் பேசுவது பயனற்றது என்று வள்ளுவர் அவ்வதிகாரத்திற் சொல்லியிருப்பது குடிப்பவனுக்கு உரைத்ததன்று. அவனருகே வாழ்வோருக்கு உரைத்தது. அவன் இரவில் மயங்கிக் கிடக்கையில் அவனைத் திருத்த முயன்று உன்னை வருத்திக்கொள்ளாதே என்னும் கருணை அதனுள் உளது என்று எனக்குப் புலப்பட்டதைக் கூறினேன். உரையாசிரியர் எவரும் இவ்வாறு கூறினாரோ, அறியேன். பிழையாயின் பொறுத்தருள்க. அதன்பின் நூர்ஜஹானின் கதையைச் சொன்னேன். வகுப்பு முழுவதும் கேட்டிருந்தது. பின்வரிசை மாணவி தலைகவிழ்ந்து கேட்டிருந்தாள்.

அன்று மாலை யானும் என் இல்லாளும் அவள் வீட்டுக்குச் சென்றோம். தந்தையார் திண்ணையிற் படுத்திருந்தார். அவரிடம் யாம் ஒன்றும் பேசவில்லை. அதற்கு வேறு நாள், வேறு பொழுது உண்டு. அவளுடைய தாயார் எங்களைக் கண்டு முதலில் வெட்கினார். பின் பாயை விரித்தார். தேநீர் அருந்தியபின், இளைய பிள்ளைகள் இருவரையும் அன்றிரவுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா என்று என் இல்லாள் கேட்டார். தாயார் சற்றுநேரம் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளைகளின் உடுப்புகளை எடுத்துவர உள்ளே போனார்.